கோல்டு காலுக்குப் பதில் வாட்ஸ்அப் பிசினஸ்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

கோல்டு காலில், அதாவது முன்பின் தெரியாதவருக்குப் போன் போட்டு விற்பதில், முதல் சிக்கல், போனை எடுக்கவே ஆளில்லை என்பதுதான். தெரியாத எண்களின் அழைப்பை மணியடிக்காமல் அடக்கிவைக்கும் வசதி ஐபோனில் 2019-லேயே வந்துவிட்டது. வாட்ஸ்அப் அழைப்புகளுக்கு 2023-ல் வந்தது. தப்பித்தவறி எடுப்பவரையும் டயலர் மென்பொருள் விரட்டிவிடுகிறது. டெலிகாலர் சும்மா உட்காரக் கூடாதென்று அது ஒரே சமயத்தில் பல எண்களுக்கு அடிக்கும். யாராவது "ஹலோ" என்ற பிறகுதான் ஓய்வாக இருக்கும் டெலிகாலரைத் தேடிப் பிடித்து இணைக்கும். நடுவே விழும் அந்த ஒன்றிரண்டு நொடி அமைதியிலேயே விளம்பரக் கால் என்று புரிந்துவிடும். கட்.

வாடிக்கையாளர் தானாகப் பேச்சைத் தொடங்கும்படி வழி செய்வதால்தான் 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் சிறு தொழில்களுக்கு நல்ல மாற்று. ஆனால் ஆப்பை இறக்கியவுடன் உங்கள் சாட் லிங்கைப் பரப்பிவிடாதீர்கள். முதலில் கேட்டலாக்கை, அதாவது ஆப்பிலேயே உள்ள பொருள் பட்டியலை, நிரப்புங்கள். 500 பொருட்கள் வரை ஏற்றலாம். படத்தோடு விலையும், அந்த விலையில் என்னென்ன அடங்கும் என்பதும் இருக்கட்டும். விலை இல்லாத கேட்டலாக்கைப் பார்ப்பவர்களில் பலர் கேட்க மாட்டார்கள், போய்விடுவார்கள்.

அடுத்தது, உங்களோடு நேரே சாட்டைத் திறக்கும் ஷார்ட் லிங்கும் க்யூஆர் கோடும். லிங்கில் "சர்வீஸ் எப்போது செய்யலாம் என்று தெரிய வேண்டும்" போல ஒரு வாசகத்தை முன்கூட்டியே வைத்துவிட்டால், வெறும் "ஹாய்" வராது; எதற்காக வந்தார் என்பதும் முதல் வரியிலேயே தெரியும். வரவேற்புச் செய்தி, முதல் முறை எழுதுபவருக்கும் 14 நாள் தொடர்பில்லாமல் இருந்து திரும்புபவருக்கும் தானாகப் போகும். அதில் உங்கள் நிறுவன வரலாறு வேண்டாம். எத்தனை மணி நேரத்தில் பதில் வரும் என்று சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அது போதும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் சாதாரண பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர்தான். அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இதைக் குறை என்று பலர் சொல்கிறார்கள். எங்கள் கணிப்பில் ஆப்பின் ஆகச் சிறந்த அம்சம் இதுதான்: சேமிக்கும் அளவுக்குப் பயனுள்ளவராக இருந்தே தீர வேண்டும். வேலை முடிந்த கையோடு, "அடுத்த சர்வீஸ் தேதி நெருங்கும்போது நினைவூட்டட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்பவரின் சாட்டுக்கு லேபிள் (வகை பிரிக்கும் அடையாளக் குறி) போட்டு, எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். பிறகு சொன்ன விஷயத்துக்கு மட்டும் அனுப்புங்கள்.

பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். விலைக்கு வாங்கிய எண் பட்டியலை ஏற்றி எல்லாருக்கும் செய்தி தட்டிவிடுகிறார்கள். பெற்றவர்கள் பிளாக் செய்து புகாரும் கொடுக்க, கணக்கு முடக்கப்படலாம். அதோடு பழைய வாடிக்கையாளர்கள் தேடி வரும் எண்ணும் போய்விடும். கோல்டு காலை எழுத்தில் செய்தால் அதுவும் கோல்டு கால்தான்.

ஆப்பில் குறைகளும் உண்டு. லேபிளைப் பெரும்பாலும் கையால்தான் ஒட்ட வேண்டும். ஒரே கணக்கில் மூன்று பேர் பதில் சொன்னால், யார் யாரைக் கவனிப்பது என்று முன்பே பிரித்துக்கொள்ளாவிட்டால் ஒரே கேள்விக்கு இரண்டு விலை போய்விடும்.

போனை அடியோடு விட வேண்டியதில்லை. நுணுக்கமான பொருளாக இருந்து, எழுதிப் புரியவைக்க முடியாதபோது, "நாளை 11 மணிக்கு அழைக்கட்டுமா?" என்று சாட்டிலேயே கேளுங்கள். நேரம் சொன்னவர் அந்த அழைப்பை எதிர்பார்த்திருப்பார்.