கம்பிக் கூண்டா, பிளாஸ்டிக் கூண்டா?

எதை வாங்கினாலும் நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும்.

வெயில் காலத்தில் என் ஓட்டு கம்பிக் கூண்டுக்குத்தான். நாலாபக்கமும் காற்று வரும், மடித்தும் வைக்கலாம். நடுவில் தடுப்பு வைத்தால், குட்டி வளர வளர இடத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் கழுத்துப்பட்டையைக் கழற்றாமல் உள்ளே விடாதீர்கள். அது கம்பியில் சிக்கினால் கழுத்து இறுகி உயிருக்கே ஆபத்து.

இடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்க்குப் பிளாஸ்டிக் கூண்டின் அரையிருட்டு பொந்து மாதிரி ஆறுதல் தரும். விமானத்தின் சரக்குப் பகுதியில் அனுப்பவும் பொதுவாக இதுதான். மடக்குக் கம்பிக் கூண்டை ஏற்கமாட்டார்கள். வீட்டோடு இருக்கும் நாய் என்றால் கம்பிக் கூண்டே போதும்: மூன்று பக்கம் மெல்லிய துணி போர்த்துங்கள், அந்த அரையிருட்டு இங்கேயும் கிடைக்கும்.