தசமமாக்காமல் விடை தரும் கால்குலேட்டர்

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் பிளஸ் டூ, பி.எஸ்சி. பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் வாங்கி வந்த டிஐ-என்ஸ்பயர் சிஎக்ஸ் 2 சிஏஎஸ் என்ற, குறியீடுகளை வைத்தே கணக்குப் போடும் கால்குலேட்டர் இப்போது பாய்க்கு நடுவில்தான் கிடக்கிறது.

1/(1+எக்ஸ்²)-ஐ 0 முதல் 1 வரை தொகையிடச் சொன்னால், சாதாரண கிராஃபிங் கால்குலேட்டர் 0.7853981634 என்று நிறுத்திவிடும். இது பை/4 என்றே காட்டும். பார்த்ததுமே "மிஸ், டேன் இன்வர்ஸ்!" என்று பிள்ளைகள் பிடித்துவிடுகிறார்கள். அந்தத் தசமத்தைப் பார்த்து யாருக்கு அது தோன்றும்? இதற்காகவே இதை மனசாரப் பரிந்துரைக்கிறேன்.

ஆனால் கவனம் வேண்டும். 1/2-ஐ 0.5 என்று அடித்தால் ஆட்டோ மோடில் (விடை எந்த வடிவில் வர வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்யும் அமைப்பில்) விடையும் தசமமாகிவிடும். டிகிரியில் வைத்து சைன் எக்ஸை வகையிட்டால் பை/180 முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். முதலில் ரேடியனுக்கு மாற்றிவிடுங்கள். வரையறாத் தொகையிடலில் +சி என்ற மாறிலியை அதுவாகப் போடாது. அதைப் பிள்ளைகளைக் கையால் எழுத வைக்கிறேன், விட்டால் மார்க் போகும்.

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ நடக்கும் ஹாலுக்குள் எந்தக் கால்குலேட்டரும் கூடாது. எனவே கையால் போட்ட கணக்கைச் சரிபார்க்க மட்டும் வாங்குங்கள். விலை அதிகம்தான், நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலே போதும்.