பலூனுக்குள் எந்த வாயு? ஹைட்ரஜனா, ஹீலியமா

திருவிழாக் கடையில் நூல் கட்டிப் பறக்கும் கேஸ் பலூனில் பல நேரம் ஹைட்ரஜன்தான் இருக்கும். பிறந்தநாள் அலங்காரக்காரர்கள் கொண்டுவரும் சிலிண்டரில் ஹீலியம். பார்க்க இரண்டும் ஒன்றுதான், நிறமோ மணமோ கிடையாது. எது மேல்?

தூக்கும் சக்தியை முதலில் பார்ப்போம். ஹீலியம் ஹைட்ரஜனைப் போல இரண்டு மடங்கு கனம். அப்படியானால் பாதி எடையைத்தான் தூக்கும் என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி. ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1,290 கிராம். அதே அளவு ஹைட்ரஜன் 90 கிராம், ஹீலியம் 180. கழித்துப் பார்த்தால் ஹைட்ரஜன் 1,200 கிராம் தூக்கும், ஹீலியம் 1,110. எட்டு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை.

ஆனால் தீ என்று வந்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே பற்றும், 75 சதவீதம் வரை பற்றும். எரிந்தாலும் பகல் வெளிச்சத்தில் ஜுவாலை சரியாகத் தெரியாது. 1930 அக்டோபரில் கராச்சிக்குப் புறப்பட்ட ஆர்101 என்ற, ஹைட்ரஜன் நிரப்பிப் பறந்த பிரிட்டிஷ் ஆகாயக் கப்பல் பிரான்சிலேயே விழுந்து எரிந்ததில் 48 பேர் இறந்தார்கள். 1937 மே 6-ல் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் ஜெர்மனியின் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்தது. 36 பேர் பலி. அதிலும் ஹைட்ரஜன்தான். ஹீலியம் கிடைத்திருக்கலாமே என்றால், அன்று அதைப் பெருமளவில் எடுத்த நாடு அமெரிக்கா, வெளியே விற்கச் சட்டம் தடையாக இருந்தது. ஹீலியமோ எதனோடும் சேராத சாது. தீக்குச்சியைக் காட்டினால் தீக்குச்சிதான் அணையும்.

அப்புறம் ஏன் எல்லாவற்றுக்கும் ஹீலியத்தையே பயன்படுத்தக் கூடாது? ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்தே பிரித்தெடுக்கலாம், தீரவே தீராது. ஹீலியத்தை அப்படித் தயாரிக்க முடியாது. பூமிக்குள் யுரேனியமும் தோரியமும் சிதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் சேர்ந்து, இயற்கை எரிவாயுவோடு வெளியே வருகிறது. காற்றில் விட்டால் மேலே போய்க் கடைசியில் விண்வெளிக்கே தப்பிவிடும்.

இந்தத் தனிமத்தை முதலில் கண்டதே வானத்தில்தான். ஹைட்ரஜனை 1766-ல் ஹென்றி கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் தனியாக அடையாளம் கண்டார். ஹீலியத்தின் கதை 1868 ஆகஸ்ட் 18-ன் முழு சூரிய கிரகணத்தில் தொடங்குகிறது. குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார்கள். அதில் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளாகத் தெரியும். இரண்டு ஊரும் அன்று சென்னை மாகாணம். அப்போது தெரிந்த ஒரு மஞ்சள் கோட்டைச் சோடியம் என்றே எண்ண இடமிருந்தது. அது சோடியம் இல்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் நார்மன் லாக்கியர் கண்டார். சூரியனின் கிரேக்கப் பெயரான ஹீலியோஸிலிருந்து ஹீலியம் பிறந்தது. பூமியில் அது சிக்க 1895 வரை ஆயிற்று. வில்லியம் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து பிரித்தெடுத்தார்.

சரி, என் தீர்ப்பு. ஆளில்லாமல் மேலே போய் வெடித்துவிடும் வானிலை பலூனுக்கு ஹைட்ரஜன் போதும், ஹீலியத்தைச் செலவழிப்பது வீண். குழந்தை கையில் கொடுக்கும் பலூனுக்கு ஹைட்ரஜன் கூடவே கூடாது, பத்து ரூபாய் மலிவு என்றாலும். எம்ஆர்ஐ ஸ்கேன் கருவியின் காந்தத்தைக் குளிர்விக்க ஹைட்ரஜன் உதவாது, ஹீலியம்தான்: அதன் கம்பி மின்தடையின்றி இயங்க மைனஸ் 264 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். ஹைட்ரஜன் மைனஸ் 259-லேயே உறைந்து கட்டியாகிவிடும். ஹீலியம் மைனஸ் 269-லும் திரவம்.

இரண்டும் சேர்ந்தே வேலை பார்க்கும் இடம் ராக்கெட். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் கிரையோஜெனிக் (கடுங்குளிர்) எஞ்சினுக்கு எரிபொருள் திரவ ஹைட்ரஜன். அது பாயும் குழாய்களில் காற்று மிச்சமிருந்தால் ஆபத்து. நைட்ரஜனை ஊதிச் சுத்தம் செய்யலாம் என்றால், அந்தக் குளிரில் நைட்ரஜனே உறைந்து அடைத்துக்கொள்ளும். அங்கே ஊத ஹீலியம்தான் ஆகும்.