பெரிய நன்கொடையாளரைத் தேட 'வெல்த் அலேர்ட்': சில வருடப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலையில் எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் நிதிப் பொறுப்பு என்னிடம் வந்தபோது, குச்சவெளி, மூதூர்ப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்கு விடுதி கட்டும் வேலை பாதியில் நின்றது. மாதச் சந்தாவில் அது முடியாது. லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று இருக்கும் எங்கள் ஆட்களில் பெரிய தொகை தரக்கூடியவர் யார் என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்காகத்தான் வெல்த் அலேர்ட்டுக்கு வந்தோம். ஒருவர் கம்பனியை விற்றாலோ, பங்குகளை விற்றாலோ, பெரிய பதவிக்குப் போனாலோ நமக்கு மின்னஞ்சல் வரும்.

முதலில் காசு கட்டி ஒரு சேவையை எடுத்தோம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அது நன்றாக வேலை செய்தது. அங்கே பங்குச் சந்தையில் உள்ள கம்பனியின் இயக்குநர் தன் பங்கை விற்றால் இரண்டு வேலை நாட்களுக்குள் அதை அறிவிக்கும் 'ஃபோர்ம் 4' என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதை யாரும் பார்க்கலாம். ஆனால் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் பிரிட்டனிலும் கனடாவிலும் குடும்பக் கம்பனி நடத்துபவர்கள். அவர்களைப் பற்றி அந்தச் சேவையில் அநேகமாக ஒன்றுமே வரவில்லை. பெயர்க் குழப்பம் வேறு. அப்பாவின் பெயரே குடும்பப் பெயராகிவிடுவதால், யாரோ ஒருவரின் செய்தி நம்மவர் பெயரில் வந்து நிற்கும். சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

இப்போது நான் பெரிதும் நம்பியிருப்பது பிரிட்டனில் கம்பனிகளைப் பதிவு செய்யும் அரச அலுவலகமான 'கம்பனீஸ் ஹவுஸ்' இணையத்தளம். இலவசம். ஒரு கம்பனியை 'ஃபொலோ' செய்து வைத்தால், அது எந்த ஆவணத்தைத் தாக்கல் செய்தாலும் மின்னஞ்சல் வரும். 25 வீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவரின் பெயர் 2016 முதல் அங்கே பதிவாகிறது. அந்தப் பெயர் நீக்கப்பட்டால் கம்பனி கை மாறியிருக்கலாம். பிள்ளைகளின் பெயருக்கு மாற்றியும் இருக்கலாம், அதனால் விசாரிக்க வேண்டும். இயக்குநரின் பிறந்த மாதமும் வருடமும் அங்கே இருப்பதால், எந்த பட்ச் என்று பார்த்து நம்மவர்தானா என்று ஓரளவு தெளியலாம். இதோடு கூகுள் அலேர்ட், கொழும்புப் பங்குச் சந்தையின் அறிவித்தல்கள். எங்களுக்கு இவ்வளவும் போதும்.

அலேர்ட் வந்த அன்றே ஃபோன் எடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கம்பனி பங்குச் சந்தைக்கு வந்தால், உள்ளே இருப்பவர்கள் வழக்கமாக 180 நாட்கள் வரை பங்கை விற்க முடியாது. கம்பனியை விற்றவருக்கும் சில வேளைகளில் விலையின் ஒரு பகுதி அடுத்த வருடங்களின் இலாபத்தைப் பார்த்துத்தான் கைக்கு வரும். செய்தியில் வரும் தொகை வேறு, அவர் கையில் இருப்பது வேறு. லண்டனில் ஒரு அண்ணா தன் கம்பனியை விற்ற தகவல் வந்தபோது, அவருடைய பட்ச்காரர் ஒருவர் வாழ்த்துச் சொல்ல மட்டும் எடுத்தார். மாதக் கணக்காகக் கதைத்தார்கள். கடைசியில் விடுதி என்ன ஆயிற்று என்று அந்த அண்ணாவே கேட்டார். ஏப்ரல் 5இல் அங்கே வரி வருடம் முடிவதற்குள், பிரிட்டனில் பதிவான எங்கள் கிளைக்குப் பணம் வந்தது. 'கிஃப்ட் எய்ட்' என்ற அந்நாட்டு அரசின் வரிச் சலுகைத் திட்டத்தில் தந்ததால் ஒவ்வொரு 100 பவுணுக்கும் அரசிடமிருந்து இன்னும் 25 பவுண் சேர்ந்தது.

அப்பா அம்மா இறந்து சொத்து வந்தவர்களின் தகவலை நாங்கள் தொடுவதில்லை. துக்க வீட்டில் கணக்குப் பார்ப்பது எந்த நல்ல காரியத்துக்கும் பொருந்தாது.

சட்டமும் இருக்கிறது. நன்கொடையாளர்களுக்குத் தெரியாமல் அவர்களின் வசதியை அளந்ததற்காக 2016 டிசம்பரில் பிரிட்டனின் தகவல் ஆணையாளர் இரண்டு பெரிய தொண்டு நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தார். இலங்கையிலும் 2022இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதனால், பொதுவில் கிடைக்கும் தகவல்களைப் பார்ப்போம் என்று அங்கத்துவப் படிவத்திலேயே எழுதியிருக்கிறோம். வேண்டாம் என்பவரின் பெயரை எடுத்துவிடுகிறோம்.

எங்களைப் போன்ற சிறிய சங்கங்கள் எந்தச் சேவைக்கும் காசு கட்டுவதற்கு முன், பெயர், பட்ச், இருக்கும் ஊர், நடத்தும் கம்பனி என்று ஒரு பட்டியலை ஒழுங்காகச் செய்து வையுங்கள். கொஞ்சமாவது ஏற்கெனவே தந்தவர்களை அதில் முதலில் போடுங்கள்; எங்களுக்குப் பெரிய தொகை வந்ததெல்லாம் அவர்களிடமிருந்துதான்.