1860 அமெரிக்கத் தேர்தல் சுவர் வரைபடம்: வாங்கலாம், ஆனால் கீழே இருக்கும் அட்டவணைக்காக

அடிமை முறை பரவுவதை எதிர்த்த லிங்கனும், அவரை எதிர்த்து டக்ளஸ், பிரெக்கின்ரிட்ஜ், பெல் என்ற மூவரும் மோதிய அதிபர் தேர்தலின் வரைபடம் இது. ஆன்லைனில் 850 ரூபாய்க்கு வாங்கினேன், 24-க்கு 36 அங்குலம். தாள் நல்ல கெட்டி, அட்டைக் குழாயில் சுருட்டி அனுப்பியதால் பெங்களூரு மழையிலும் நனையாமல் வந்து சேர்ந்தது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன்.

முதல் குறை பெரிய குறை. வர்ஜீனியாவின் மேற்குப் பக்கத்தைத் தனி மாநிலமாகக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மேற்கு வர்ஜீனியா பிரிந்து மாநிலமானதே 1863-ல், உள்நாட்டுப் போர் நடுவில். இன்றைய வரைபடத்தை எடுத்து அதன் மேல் பழைய தேர்தலின் நிறத்தைப் பூசிவிட்டார்கள் போல. இத்தனைக்கும் கான்சாஸை நிறமில்லாமல் விட்டிருக்கிறார்கள், அது சரிதான், 1861 ஜனவரியில்தான் அது மாநிலமானது. நியூ ஜெர்சியையும் கோடு கோடாகப் போட்டிருக்கிறார்கள், அங்கே லிங்கனுக்கு 4, டக்ளஸுக்கு 3 என்று எலெக்டோரல் ஓட்டு (அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் ஓட்டு, மாநிலத்துக்கு இத்தனை என்று உண்டு) பிரிந்ததால். இவ்வளவு கவனம் இருந்தவர்கள் மேற்கு வர்ஜீனியாவில் எப்படிக் கோட்டைவிட்டார்கள் என்று புரியவில்லை.

இரண்டாவது குறை நிறங்கள். ஜெயித்தவர் யார் என்பது மட்டும்தான் தெரிகிறது, எவ்வளவில் ஜெயித்தார் என்பது தெரியவில்லை. கலிபோர்னியாவில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டுகூட வாங்காமல், நூற்றுக்கணக்கில் மட்டுமே முந்தி லிங்கன் ஜெயித்தார். அதற்கும் அடர் சிவப்பு, அவர் அடித்து ஆடிய வெர்மாண்டுக்கும் அதே அடர் சிவப்பு. அல்சூரில் பிரேம் போடும் அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தெற்குல இந்த ஆளுக்கு எல்லா இடத்திலும் டெபாசிட் காலியா?" என்றார். "டெபாசிட் போறதுக்கு முதல்ல சீட்டுல பேர் இருக்கணுமே அண்ணே" என்றேன். அப்போது அரசு அச்சடித்த ஓட்டுச்சீட்டு கிடையாது, கட்சிகளே அச்சடித்து விநியோகிக்கும். தெற்கில் ஒன்பது மாநிலங்களில் லிங்கன் சீட்டே இல்லை. தென் கரோலினாவில் மக்கள் ஓட்டே நடக்கவில்லை, சட்டமன்றமே தேர்வாளர்களை நியமித்தது. வரைபடத்தில் அதுவும் பிரெக்கின்ரிட்ஜ் ஜெயித்த மற்ற தென் மாநிலங்களைப் போலவே பச்சையாக இருக்கிறது. குறைந்தபட்சம் ஒரு நட்சத்திரக் குறியாவது போட்டிருக்கலாம்.

சரி, பிறகு ஏன் மூன்றரை? கீழே இருக்கும் அட்டவணைக்காக. மாநிலவாரியாக, வேட்பாளர்வாரியாக எண்கள், படிக்கிற அளவு எழுத்தில். ஓட்டில் இரண்டாவது வந்த டக்ளஸ் (29.5 சதவீதம்) எலெக்டோரல் ஓட்டில் கடைசி, வெறும் 12. முழுசாகப் பிடித்தது மிசூரி ஒன்றுதான். அவர் வாங்கியதில் பாதிகூட வாங்காத பெல்லுக்கு வர்ஜீனியா, கென்டக்கி, டென்னசி சேர்ந்து 39. பிரெக்கின்ரிட்ஜுக்கு 72, லிங்கனுக்கு 180. லிங்கனின் ஓட்டு விகிதம் 40-ஐக்கூடத் தொடவில்லை.

நம் ஊர்க்காரர்கள் இதைப் பார்த்ததும் "எதிர் ஓட்டு பிரிஞ்சது, அதான்" என்று முடித்துவிடுவார்கள். 1967-ல் காங்கிரசைவிட ஓட்டில் சற்றே பின்தங்கியும் திமுக 137 இடங்களைப் பிடித்த கணக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், கூட்டணிக் கணக்கு நமக்குப் பாலபாடம். ஆனால் பென்சிலை எடுத்துக்கொண்டு அட்டவணையோடு உட்காருங்கள். லிங்கனை எதிர்த்த மூவரின் ஓட்டையும் மாநிலம் மாநிலமாக ஒன்றாகக் கூட்டினாலும் அவர் இழப்பது கலிபோர்னியாவின் 4, ஓரிகனின் 3, நியூ ஜெர்சியில் கிடைத்த 4, அவ்வளவுதான். 169 மிஞ்சும். தேவை 152. நியூயார்க், பென்சில்வேனியா, ஒஹையோ மாதிரி பெரிய வட மாநிலங்களில் அவருக்குப் பாதிக்கு மேலேயே விழுந்திருக்கிறது. அதாவது தெற்கில் ஒரு எலெக்டோரல் ஓட்டுகூட இல்லாமல், எதிரிகள் ஒன்றுசேர்ந்தாலும் தோற்காத நிலை. தென் கரோலினா அந்த டிசம்பர் 20-ஆம் தேதியே அமெரிக்காவைவிட்டுப் பிரிந்து போனது ஏன் என்பதற்கு இந்த எண்களைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியவில்லை, அடிமை முறையைக் காப்பாற்ற இனி ஓட்டுப்பெட்டியால் முடியாது என்று அவர்களும் இதே கணக்கைத்தானே போட்டிருப்பார்கள்.

மேற்கு வர்ஜீனியா விஷயத்தை விற்பவருக்கு எழுதினேன், அடுத்த அச்சில் திருத்துவதாகப் பதில் வந்தது. ஆர்டர் போடும் முன் திருத்திய பிரதியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், பிரேம் போடும்போது சாதாரணக் கண்ணாடி வேண்டாம், டியூப்லைட் பிரதிபலித்து அட்டவணையைப் படிக்கவே முடியாது, மேட் லேமினேஷன் போதும்.