பழைய பி450 போர்டுக்கு ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600: சரியான ஜோடி

2018, 2019 வாக்கில் ரைசன் 5 1600 பிராசசர், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், பி450 மதர்போர்டு என்று கட்டிய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் அதை மூலையில் போட வேண்டாம். போர்டு, கேபினட், தரமான 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) அப்படியே இருக்கட்டும். ரைசன் 5 5600 பிராசசர், ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 3200 வேகத்தில் இரண்டு 8 ஜிபி ரேம் போட்டால் 1080பி-யில் கேம்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஓடும்.

5600-லும் அதே 6 கோர், 12 த்ரெட்தான். ஆனால் 1600-ல் மும்மூன்று கோராகப் பிரித்து, பக்கத்துக்கு 8 எம்பி கேச் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி) கொடுத்திருந்தார்கள். இதில் ஆறு கோருக்கும் பொதுவாக 32 எம்பி. ஓடிக்கொண்டிருக்கும் கேம் திக்கித் திணறுவது குறைய இது பெரிய காரணம். இரண்டுமே 65 வாட் என்பதால் போர்டுக்குக் கூடுதல் சுமை இல்லை.

5700எக்ஸ்3டி வாங்கலாமே என்பார்கள். அருமையான பிராசசர்தான். ஆனால் ஆர்எக்ஸ் 6600 பக்கத்தில் அதன் வேகம் பெரும்பாலும் வீண், பெட்டியில் கூலரும் வராது. அந்தப் பணம் ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் போகட்டும்.

ஆர்எக்ஸ் 6600-க்கு 8 ஜிபி மெமரி, 132 வாட், பெரும்பாலான மாடல்களில் ஒரே ஒரு 8 பின் கேபிள். கார்டைப் போர்டோடு இணைக்கும் பிசிஐஇ-யில் பி450-க்குப் பழைய 3.0 தலைமுறை மட்டுமே உண்டு. இந்த கார்டு 8 லேன் (தரவு போய்வரும் பாதை) பயன்படுத்துவதால் இழப்பு சொற்பம். விலை குறைவு என்று 6500 எக்ஸ்டி பக்கம் போய்விடாதீர்கள்: அதற்கு 4 லேன்தான், இந்த போர்டில் நன்றாக அடிவாங்கும். ஒளியையும் நிழலையும் நிஜம்போல் காட்டும் ரே டிரேசிங்கில் 6600 பலவீனம், 1440பி-க்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

மாட்டும்போது வரிசை முக்கியம். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை (போர்டை இயக்கித் தொடங்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள். பென்டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மேட்டில் இருக்க வேண்டும், ஃபைல் உங்கள் போர்டின் மாடலுக்கும் ரிவிஷனுக்கும் உரியதாக இருக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் புதிய பிராசசரைப் போட்டதும் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீயை முன்பே எழுதி வையுங்கள். பிராசசர் மாறியதும், அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் எஃப்டிபிஎம்-ஐ ரீசெட் செய்யவா என்று போர்டு கேட்கும்.

கூலரைக் கழற்றுவதில்தான் பலர் பிராசசரையே பறிகொடுக்கிறார்கள். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே காய்ந்த தெர்மல் பேஸ்ட் பசைபோல் பிடித்துக்கொள்ளும். நேராக இழுத்தால் லாக் போட்ட சாக்கெட்டிலிருந்தே பிராசசர் கூலரோடு பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையும். பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிச் சூடாக்கி, பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்குரூவை எடுத்தபின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். தானாக வழுக்கும்போது தூக்குங்கள்.

ரேம் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4-ஆவது ஸ்லாட்டில். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு). இதை ஆன் செய்யாவிட்டால் 3200 ரேம் பெரும்பாலும் 2133 அல்லது 2400-ல்தான் ஓடும்.

கார்டு மாற்றும் முன் பழைய கார்டின் என்விடியா டிரைவரை டிடியு (டிரைவர்களை முழுதாக நீக்கும் மென்பொருள்) கொண்டு துடைத்தெடுங்கள். கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுக உதவும் ரீசைசபிள் பாருக்கு, பயாஸில் உள்ள சிஎஸ்எம்-ஐ (பழைய முறை பூட்டுக்கான அமைப்பு) அணைக்க வேண்டும்; விண்டோஸ் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய வடிவில் இருந்தால் அதன்பின் பூட் ஆகாது. முதலில் பேக்கப் எடுத்து, விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி-யால் புதிய ஜிபிடி வடிவுக்கு மாற்றிவிட்டு அதற்குப் பிறகே அணையுங்கள்.