அறிவியல் மாணவர்களே, ஐடியா போட்டிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பெங்களூரில் எம்எஸ்சி, பிஎச்டி படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் "தேசிய அளவிலான தொழில் ஐடியா போட்டி, மொத்தப் பரிசு 10 லட்சம்" என்றொரு போஸ்டர் சுற்றுகிறது. போன முறை பயோடெக் படிக்கும் மூன்று பேர் அணி ஒன்று இதில் மாட்டியது. நடத்தியவர்கள் பெயர் இங்கே வேண்டாம். பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி வருவார்கள். வழிமுறையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

விண்ணப்பம் இலவசம். ஒரு பக்கச் சுருக்கம் அனுப்பிய மறுநாளே "அரையிறுதிக்குத் தேர்வாகிவிட்டீர்கள்" என்று மெயில். அவ்வளவு சீக்கிரம் பதில் வந்தால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். அடுத்து பூட்கேம்ப் (பயிற்சி முகாம்) கட்டணம்: ஆளுக்கு 3,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 540, ஆக 3,540. இன்று இரவுக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடுமாம். யுபிஐயில் காட்டிய பெயர் யாரோ ஒரு தனி ஆளுடையது. ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. அப்புறம் அந்த 540 எந்தக் கஜானாவுக்குப் போனது?

எண் இருந்தாலும் சரிபாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: கர்நாடகா 29, தமிழ்நாடு 33. அதற்கடுத்த பத்தும் பான் எண். ஆக, ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்துதான் பானின் நான்காவது எழுத்து. தனி ஆள் என்றால் பி (P), கம்பெனி என்றால் சி (C), டிரஸ்ட் என்றால் டி (T). 'ஃபவுண்டேஷன்' என்று போர்டு மாட்டியவரின் எண்ணில் பி இருந்தால் அது ஒருத்தரின் சொந்தக் கடை. போஸ்டரில் வரிசையாக ஒட்டியிருக்கும் பெரிய நிறுவனச் சின்னங்களையும் நம்பாதீர்கள். அந்தந்த நிறுவனத்துக்கே மெயில் போட்டுக் கேளுங்கள்.

பரிசுக் கதைக்கு வருவோம். 10 லட்சத்தில் ரொக்கம் 25,000 மட்டும். மீதியெல்லாம் கிளவுட் கிரெடிட் (இணையக் கணினிச் சேவைக்கான சலுகை), மென்டரிங் வவுச்சர் (ஆலோசனைக்கான கூப்பன்). ஜெயித்தவர்களும் 60 நாளில் "எங்கள் ஆலோசகர் மூலமாகவே" கம்பெனி பதிய வேண்டும், அதற்கு ஒரு பேக்கேஜ் விலை. அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் (கம்பெனி வெளியிடக்கூடிய பங்குகளின் உச்ச மதிப்பு) 15 லட்சம் வரை உள்ள கம்பெனிக்கு மத்திய அரசின் பதிவுக் கட்டணமே கிடையாது. முத்திரைத் தீர்வை, ஆடிட்டர் கூலி போன்றவைதான் செலவு. ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தில் மத்திய அரசின் தொழில்துறை (டிபிஐஐடி) தரும் அங்கீகாரமும் இலவசம். அதையும் பேக்கேஜில் சேர்த்து விற்றார்கள்!

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அணி இழந்தது அதைவிடப் பெரிது. அவர்களது ஐடியா ராமநகரத்துப் பட்டு சம்பந்தப்பட்டது. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கும்போது செரிசின் என்ற பசைப்புரதம் கழிவுநீரில் போய்விடும். பட்டின் எடையில் 20 முதல் 30 சதவீதம் அதுதான். அதைப் பிரித்தெடுத்து அழகுசாதனக் கம்பெனிகளுக்கு விற்பதுதான் திட்டம். போட்டிப் படிவம் கேட்டது என்ன தெரியுமா? எந்த பிஎச்சில் (அமில-கார அளவு) படியவைக்கிறீர்கள், எத்தனை மடங்கு எத்தனால் சேர்க்கிறீர்கள், எத்தனை டிகிரியில் உலர்த்துகிறீர்கள். மதிப்பெண் போட இதெல்லாம் எதற்கு? இறுதிச் சுற்று யூடியூபில் நேரலை. விதிமுறையின் கடைசிப் பக்கத்தில், சமர்ப்பித்த எதையும் நடத்துபவர்கள் காலவரையின்றி இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி.

பேட்டன்ட், அதாவது காப்புரிமை, இதுவரை வெளியாகாத புதுமைக்குத்தான் கிடைக்கும். நேரலையில் செய்முறை வெளியான அன்றே புதுமை போச்சு, பேட்டன்டும் போச்சு. 1970 காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, வெளியான பிறகும் விண்ணப்பிக்க 12 மாத அவகாசம் தருவது உண்மைதான். ஆனால் அது மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி, கற்றறிந்தோர் சங்கத்தில் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்குத்தான். ஓட்டல் ஹாலில் நடக்கும் போட்டி அதில் வராது.

ஆகவே மேடை ஏறுமுன் தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பை விவரிக்கும் முதற்கட்டக் காப்புரிமை விண்ணப்பம்) தாக்கல் செய்யுங்கள். படிவம் 1, படிவம் 2, ஆன்லைனில் தனிநபருக்கு 1,600 ரூபாய். கர்நாடகா சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் கீழ் வருகிறது. நேரில் போகத் தேவையில்லை. உரிமைகோரல்கள் (எதற்கெல்லாம் காப்புரிமை கேட்கிறோம் என்ற பட்டியல்) இப்போதைக்கு வேண்டாம். ஆனால் பிஎச் வரம்பு, விகிதம், வெப்பநிலை எல்லாம் அதில் இருந்தே ஆக வேண்டும். "செரிசின் எடுக்கும் முறை" என்று மொட்டையாக எழுதினால் முதலில் தாக்கல் செய்த தேதியால் பயனில்லை. 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு போடாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். பல்கலைக்கழக ஆய்வகத்தில் செய்த வேலை என்றால் முதலில் கைடிடம் பேசுங்கள்; உரிமை யாருக்கு என்று அங்கே தனி விதி இருக்கலாம்.

ஸ்லைடில் தூய்மை எவ்வளவு, கிலோவுக்கு அடக்கவிலை என்ன, வாங்குபவர் யார் என்பதோடு நிறுத்துங்கள். ஆராய்ச்சியைத் தொழிலாக்க நிஜமாகவே பணம் வேண்டுமென்றால் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப அமைப்பான பைராக் 'பிக்' என்ற மானியமாக 50 லட்சம் வரை தருகிறது. பெங்களூரில் சி-கேம்ப் என்ற ஆய்வு மையம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

ஏற்கெனவே கட்டியவர்கள்: விதிமுறைப் பக்கத்தை இன்றே பிடிஎஃப்பாகச் சேமியுங்கள், நாளைக்கு அது மாறிவிடும். போஸ்டர், மெயில், 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் எல்லாம் பத்திரம். நிகழ்ச்சியே நடக்காமல் ஏமாற்றியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. நடத்திவிட்டுச் சொன்னதைத் தராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915, அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஓசூர்ப் பிள்ளைகள் கிருஷ்ணகிரியிலேயே போடலாம்.